மல்கா லைஃபர் வழக்கு: ஒப்படைக்கச் சொன்ன சட்டமும் ஓடிப்போன ஆறரை ஆண்டுகளும்

2021 ஜனவரி 25 அன்று, கொரோனா காரணமாக இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையம் மூடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, விலங்கிடப்பட்ட ஒரு பெண் விமானத்தில் ஏற்றப்பட்டார். அவர் மல்கா லைஃபர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள அடாஸ் இஸ்ரேல் என்ற யூதப் பள்ளியில் பெண்கள் பிரிவின் தலைமையாசிரியராக இருந்தவர். தம் பொறுப்பில் இருந்த மாணவியரிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். மெல்பர்னை விட்டு அவர் வெளியேறிப் பன்னிரண்டு ஆண்டும் பத்து மாதமும் ஆகியிருந்தன. இஸ்ரேலில் அவரைக் கைது செய்தே ஆறு ஆண்டும் ஐந்து மாதமும் கடந்திருந்தன. இந்த இடைக்காலத்தில் இஸ்ரேலிய நீதிமன்றங்கள் இவ்வழக்குக்காக எழுபதுக்கும் மேற்பட்ட முறை கூடின.

நாட்டு எல்லை தாண்டிய பாலியல் குற்றங்கள் பேசப்படும்போது, விசாரிக்கும் அதிகாரம் எந்த நாட்டுக்கு, இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் உண்டா, சொந்தக் குடிமகனை அந்நாடு விட்டுக்கொடுக்குமா என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. லைஃபர் வழக்கில் இவை மூன்றுக்கும் தொடக்கத்திலேயே தெளிவான விடை இருந்தது. குற்றம் நடந்த இடம் மெல்பர்ன். ஆஸ்திரேலியாவும் இஸ்ரேலும் 1975இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டவை. குடிமக்களை ஒப்படைக்கக் கூடாது என்ற தடையையும் இஸ்ரேல் முன்பே தளர்த்தியிருந்தது. ஆனாலும் வழக்கு அசையவில்லை. அதைப் பிடித்து நிறுத்தியது, குற்றத்தோடு தொடர்பே இல்லாத ஓர் இடைக்கேள்வி: நீதிமன்றத்தில் நிற்கும் மனநிலையில் இந்தப் பெண் இருக்கிறாரா?

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நம் செய்தித்தாள்கள் 'நாடு கடத்தல்' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதிவருகின்றன. விசா முடிந்த வெளிநாட்டவரை அரசு திருப்பி அனுப்புவதும், தேடப்படுபவரை ஒரு நாடு இன்னொரு நாட்டின் நீதிமன்றத்துக்கு அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. பின்னதற்கு இங்கே 'ஒப்படைப்பு' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். பாதிக்கப்பட்ட மூன்று சகோதரிகளும் தங்கள் பெயரையும் முகத்தையும் தாங்களே வெளியிட்டுப் பல ஆண்டுகள் பொதுவெளியில் போராடியவர்கள். இருந்தாலும் சட்டச் சிக்கலை விளக்க அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை; பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதையே குற்றமாகக் கருதும் சட்டத்தின் கீழ் வாழ்ந்து பழகிய நமக்கு அந்தத் தயக்கம் இயல்பானதும்கூட.

ஒரே இரவில் வெளியேற்றம்

அடாஸ் இஸ்ரேல், மெல்பர்னில் தமக்கென்று ஒரு தனி உலகம் அமைத்து வாழும் தீவிர மரபுவாத யூதக் குடும்பங்களின் பள்ளி. தொலைக்காட்சி, இணையம் போன்றவற்றிலிருந்து விலகி வளரும் பெண் பிள்ளைகளுக்குத் திருமணம் வரை உடலைப் பற்றியோ உறவைப் பற்றியோ யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. இஸ்ரேலில் பிறந்து வளர்ந்த லைஃபர் சமயக் கல்விக்காக அங்கே அழைக்கப்பட்டு, பின்னர் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். வழக்கில் சொல்லப்பட்ட சம்பவங்கள் 2003 முதல் 2007 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. மூன்று சகோதரிகளும் அப்போது அவரிடம் மாணவியராகவும், பிறகு பயிற்சி ஆசிரியைகளாகவும் இருந்தவர்கள். வீட்டிலும் அவர்களுக்கு ஆதரவு இருக்கவில்லை. அதை அறிந்தே லைஃபர் அவர்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

சகோதரிகளில் ஒருவர் திருமணத்துக்குப் பிறகு இஸ்ரேலில் வசித்தபோது ஒரு சமூகப்பணியாளரிடம் முதன்முதலாக வாய் திறந்தார். செய்தி 2008 தொடக்கத்தில் மெல்பர்ன் பள்ளி நிர்வாகத்தை எட்டியது. மார்ச் 5 மாலை நிர்வாகத்தினர் கூடிப் பேசினர். சில மணி நேரத்துக்குள், நள்ளிரவு கடந்து புறப்பட்ட விமானத்தில் லைஃபர் தம் பிள்ளைகள் சிலருடன் இஸ்ரேலுக்குப் பறந்துவிட்டார். பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்தது பள்ளித் தரப்பு. காவல் துறைக்கு அவர்கள் யாரும் தகவல் தரவில்லை. ஒருவர் மேல் புகார் வந்தால் அவரை ஊரைவிட்டு அனுப்பி 'பிரச்சினையைத் தீர்க்கும்' வழக்கம் எந்த ஒரு சமயத்துக்கும் நாட்டுக்கும் மட்டும் உரியதல்ல. இங்கே ஊர் எல்லைக்குப் பதிலாக நாட்டு எல்லை வந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்த ஓர் இரவு நடவடிக்கையின் விலை பதின்மூன்று ஆண்டுகள்.

சகோதரிகள் 2011இல், மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலக் காவல் துறையில் புகார் அளித்தனர். 2012இல் பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய குற்றங்கள் மாநிலச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆனால் வெளிநாட்டிடம் ஒப்படைப்புக் கோருவது மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் வழியாக நடக்க வேண்டியது. கோப்பு மாநிலத்திலிருந்து கான்பெராவுக்கும், அங்கிருந்து ஜெருசலேமுக்கும் சென்று, 2014 ஆகஸ்டில்தான் லைஃபர் கைதானார்.

இதற்கிடையில் சகோதரிகளில் ஒருவர் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் தொடுத்தார். 2015இல் விக்டோரியா உச்சநீதிமன்ற நீதிபதி ஜாக் ரஷ் அவருக்கு ஏறத்தாழ 12.7 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வழங்கத் தீர்ப்பளித்தார். லைஃபருக்கும் பள்ளிக்கும் எதிராகத் தண்டனைத் தன்மையுள்ள கூடுதல் இழப்பீடும் அதில் அடங்கும். அவரை அவசரமாக வெளியேற்றிய நிர்வாகத்தின் நடத்தையை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். பிரதிவாதி வராமலே உரிமையியல் வழக்கு முடிந்துவிடும். குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் நிற்காமல் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழு) விசாரணை தொடங்கவே முடியாது. அதனால் நடந்தது என்ன என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகும், அதே நகரின் இன்னொரு நீதிமன்றம் மேலும் எட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

எளிதில் தீர்ந்த கேள்விகள்

இஸ்ரேலியக் குடிமக்களை ஒப்படைக்கக் கூடாது என்று 1978 முதல் அந்நாட்டுச் சட்டம் தடுத்திருந்தது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1997இல் நடந்த ஒரு கொலைக்காகத் தேடப்பட்ட இளைஞர், தந்தை வழியில் கிடைத்த இஸ்ரேலியக் குடியுரிமையைக் காட்டி ஒப்படைப்பிலிருந்து தப்பினார். 1999இல் இஸ்ரேல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் எழுந்த கொந்தளிப்பை அடுத்து, அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. குடிமக்களையும் ஒப்படைக்கலாம் என்றானது; குற்ற நாளில் இஸ்ரேலில் குடியிருந்தவராயின், தண்டனையைத் தாய்நாட்டில் அனுபவிக்க அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் சேர்ந்தது. எனவே லைஃபருக்குக் குடியுரிமை கேடயமாகவில்லை.

அடுத்தது இரட்டைக் குற்றத்தன்மை, அதாவது சொல்லப்படும் செயல் இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும் என்ற விதி. பாலியல் வழக்குகளில் இந்த விதி பார்ப்பதைவிடச் சிக்கலானது. சம்மத வயது நாட்டுக்கு நாடு மாறும். சகோதரிகள் சம்பவக் காலத்தின் ஒரு பகுதியில் பதினாறு வயதைக் கடந்திருந்தார்கள். விக்டோரியாவின் பொதுவான சம்மத வயதும் பதினாறுதான். ஆனால் ஆசிரியர் போன்று கவனிப்பிலோ மேற்பார்வையிலோ வைத்திருப்பவர் பதினாறு, பதினேழு வயதினருடன் உறவு கொள்வதை விக்டோரியச் சட்டம் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர் மீது அதிகாரத்தைப் பயன்படுத்தும் உறவை இஸ்ரேலியச் சட்டமும் குற்றமாகவே காண்கிறது. உறவு சம்மதத்தோடு நடந்தது என்று ஜெருசலேமில் லைஃபர் தரப்பு வாதிட்டுப் பார்த்தது. அந்த வாதம் எடுபடவில்லை.

இஸ்ரேலே அவரைத் தன் நீதிமன்றத்தில் விசாரித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தைத் தாய்நாடு விசாரிக்கும் முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. மலேசியாவிலும் கம்போடியாவிலும் சிறுவர்களைச் சீரழித்த ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரரை, 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம் தரும் வெளிநாட்டு அதிகாரத்தைக் கொண்டு லண்டன் நீதிமன்றமே விசாரித்தது. 71 குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். 2016 ஜூனில் 22 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஆனால் அங்கே சான்று அவருடைய கணினியிலேயே இருந்தது. படங்களே சாட்சி சொன்னதால் கோலாலம்பூர்க் குழந்தைகள் லண்டன் வர வேண்டியிருக்கவில்லை. லைஃபர் வழக்கில் படமோ ஆவணமோ கிடையாது. மூன்று பெண்களின் வாய்மொழியும், அந்தக் காலத்தில் அவர்களையும் பள்ளியையும் அறிந்தவர்களின் சாட்சியமும்தான் வழக்கு. பள்ளி, அதன் அறைகள், ஆசிரியைகள், பெற்றோர் எல்லாம் இருந்த இடம் மெல்பர்ன். வாய்மொழிச் சான்றை நம்பி நிற்கும் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைச் சாட்சிகள் இருக்கும் ஊருக்குக் கொண்டுவருவதே முறை.

மனநிலை என்ற மதில்

கைதான சில காலத்திலேயே லைஃபர் நீதிமன்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். விசாரணை நாள் நெருங்கும்போதெல்லாம் பதற்றமும் மனச்சிதைவும் தாக்குவதாகச் சொல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2016 ஜூனில் ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம், அவர் விசாரணையில் பங்கேற்கும் தகுதியில் இல்லை என்ற மருத்துவ முடிவை ஏற்று ஒப்படைப்பு நடவடிக்கையையே நிறுத்திவைத்தது, வீட்டுக்காவலும் விலக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, தேறினால் வழக்கு என்பதே ஏற்பாடு.

அந்த உத்தரவு என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்படைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்திருந்தால் ஆஸ்திரேலியா மேல்முறையீடு செய்திருக்கும். ஒப்படைக்கலாம் என்று வந்திருந்தால் லைஃபர் செய்திருப்பார். வந்ததோ இரண்டும் அல்ல. எத்தனை அரையாண்டுகள் என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு காத்திருப்பு அது. கோரிக்கை விடுத்த நாட்டின் கையில் அதை எதிர்க்கும் கருவி மிகக் குறைவு.

இங்கே ஒரு கோட்பாட்டுப் பிழை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒப்படைப்பு விசாரணை குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிப்பதில்லை. ஒப்பந்த நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றனவா, விசாரணைக்கு அனுப்பப் போதிய சான்று இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. வழக்கறிஞர் வாதிட்டால் அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலை உண்டா என்ற கேள்வி உண்மையில் கேட்கப்பட வேண்டிய இடம், விசாரிக்கப்போகும் நீதிமன்றம். விக்டோரியாவில் அதற்கென்றே 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நோயுற்றவரை நாட்டுக்கு நாடு அனுப்புவது கொடுமையாகிவிடும் என்ற மனிதநேயக் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலைக்கும், முழு விசாரணைக்குரிய மனத்தகுதியை ஒப்படைப்பு மேடையிலேயே கோருவதற்கும் இடையே நிறையத் தூரம் இருக்கிறது.

2017இல் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக இயங்கும் ஒரு யூத அமைப்பு தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தியது. மேற்குக் கரைக் குடியேற்றமான இம்மானுவேலில், படுக்கையை விட்டு எழ இயலாதவர் என்று நீதிமன்றம் நம்பியிருந்த பெண் கடைக்குப் போவதும் தொலைபேசியில் பேசுவதும் வங்கிக்குச் செல்வதும் படமாயின. காவல் துறையும் தன் விசாரணையைத் தொடங்கியது. 2018 பிப்ரவரி 12 அன்று லைஃபர் மீண்டும் கைதானார். ஓர் அரசு எந்திரம் தானே சரிபார்த்திருக்க வேண்டிய உண்மையைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆதரவானவர்கள் காசு செலவழித்து நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதை எழுதாமல் கடக்க முடியவில்லை.

அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் போயின. அதற்குக் காரணத்தின் ஒரு பகுதி, மனத்தகுதியைச் சொல்லும் பொறுப்பு யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது. மாவட்ட மனநல மருத்துவர் சுகாதார அமைச்சின் அலுவலர். அவர் லைஃபரைப் பற்றித் தம் கருத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றினார். அந்த அமைச்சுக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர் தீவிர மரபுவாதக் கட்சியைச் சேர்ந்த யாக்கோவ் லிட்ஸ்மன். மருத்துவரின் அறிக்கையை மாற்றும்படி அழுத்தம் கொடுத்ததாக அவர் மீது காவல் துறை விசாரணை நடத்தியது. தவறு செய்யவில்லை என்று நெடுங்காலம் மறுத்துவந்த லிட்ஸ்மன், 2022இல் சமரச ஒப்பந்தத்தின்படி நம்பிக்கை மீறல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடாளுமன்றத்திலிருந்து விலகினார். வெளிநாட்டில் நடக்கும் வழக்கில் உள்ளூர்ச் செல்வாக்கு நீதிபதியைத் தேடிப் போக வேண்டியதில்லை. நீதிபதி யாருடைய அறிக்கையை நம்புகிறாரோ அவரைத் தேடிப் போனால் போதும்.

முரண்பட்ட அறிக்கைகளைக் கண்ட நீதிபதி ஹனா மிரியம் லோம்ப் 2019 செப்டம்பரில் மூன்று மனநல மருத்துவர்களைக் கொண்ட புதிய குழுவை அமைத்தார். இதற்கிடையே கீழமை நீதிமன்றம் லைஃபரைச் சிறையிலிருந்து விடுவிக்க முன்வந்தபோதெல்லாம் உச்சநீதிமன்றம் தடுத்தது. நோய் பாசாங்கே என்று 2020 ஜனவரியில் குழு சொன்னது. மே 26 அன்று அவர் விசாரணைக்குத் தகுதியானவர் என்றும், செப்டம்பர் 21 அன்று ஒப்படைக்கலாம் என்றும் லோம்ப் தீர்ப்பளித்தார். டிசம்பரில் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. நீதி அமைச்சர் உடனே கையெழுத்திட்டார். மனநிலைக் கேள்வி விலகியதும் எஞ்சிய சட்டப் பணி எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி அந்நியமல்ல. கோவாவில் பிரெடி பீட்ஸ் நடத்திய சிறுவர் இல்லத்தை மையமாகக் கொண்டு நடந்த குற்றங்களில் தேடப்பட்ட ஒரு பிரிட்டிஷ்காரரை ஒப்படைக்கும்படி இந்தியா கேட்டபோது, 2014இல் லண்டன் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மறுத்தது. அவருக்கு மறதி நோய் என்று எதிர்த்தரப்பு மருத்துவர் சொன்னார். அதை மறுக்க இந்தியத் தரப்பு தன் நிபுணரை நிறுத்தவில்லை. குற்றச்சாட்டின் வலிமை அங்கே பேசப்படவே இல்லை. மும்பை கொலாபாவில் ஆங்கரேஜ் என்ற சிறுவர் காப்பகங்களை நடத்திய இரு பிரிட்டிஷ்காரர்கள் வழக்கு இதற்கு நேர்மாறு. அவர்களில் ஒருவர் 2003இல் அமெரிக்காவில் பிடிபட்டு அடுத்த ஆண்டே இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். இழுபறி அங்கே உள்நாட்டில் நடந்தது: 2006இல் மும்பை அமர்வு நீதிமன்றம் தண்டித்தது, 2008இல் உயர்நீதிமன்றம் சிறுவர்களின் சாட்சியத்தை நம்பாமல் விடுவித்தது, 2011 மார்ச்சில் நீதிபதி ப. சதாசிவம் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அந்தச் சாட்சியத்தை ஏற்றுத் தண்டனையை மீட்டது. வாய்மொழிச் சான்றின் மதிப்பு நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மெல்பர்னில்

ஒப்படைப்புக் கோரிக்கையில் இருந்தவை 74 குற்றச்சாட்டுகள். 2021 செப்டம்பரில் மாஜிஸ்திரேட் அவற்றில் 70ஐ விசாரணைக்கு அனுப்பினார். 2023 பிப்ரவரியில் விக்டோரியா கவுண்டி நீதிமன்றத்தில், நீதிபதி மார்க் கேம்பிள் முன்னிலையில் ஜூரி அமர்ந்தபோது அவை 29 ஆகியிருந்தன. இடையில் இரண்டு கைவிடப்பட, ஜூரி முடிவு சொல்ல வேண்டியவை 27. ஒரே வகைச் செயல்களைத் தொகுத்து, நிரூபிக்கக் கூடியவற்றை மட்டும் ஜூரி முன் வைப்பது அரசுத் தரப்பின் வழக்கம் என்பதால் இந்தக் குறைவை வழக்கின் பலவீனமாகப் பார்க்கத் தேவையில்லை. ஆயினும் சம்பவம் முடிந்து பதினைந்து ஆண்டு கழித்து, எந்த வகுப்பறை, எந்த மாதம், அப்போது வயது பதினாறா பதினேழா என்று ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகக் குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பெண்களே. மனநிலையைக் காட்டித் தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும், தள்ளிப்போட்டவரின் வழக்கறிஞருக்குக் கேள்வியாகவும் சாட்சிக்குச் சுமையாகவும் மாறும் விதி இது.

2023 ஏப்ரல் 3 அன்று ஜூரி, வன்புணர்வு உட்பட 18 குற்றச்சாட்டுகளில் லைஃபரைக் குற்றவாளி என்றது, ஒன்பதில் விடுவித்தது. ஆகஸ்ட் 24 அன்று நீதிபதி 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்; பரோல் கேட்பதற்கு முன் பதினொன்றரை ஆண்டு கழிய வேண்டும். இரு நாட்டுச் சிறைகளிலும் அவர் ஏற்கெனவே இருந்த 2,069 நாட்கள் அதில் கழிக்கப்பட்டன. ஒப்படைப்பை எதிர்த்து இஸ்ரேலியச் சிறையில் அவர் செலவிட்ட காலமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதன்படி 2029 ஜூனில் அவர் பரோலுக்கு விண்ணப்பிக்கலாம்.

18 குற்றச்சாட்டுகளும் இளைய சகோதரிகள் இருவர் தொடர்பானவை. மூத்தவர் குறித்த ஐந்திலும் விடுதலை. தீர்ப்பு நாளிலும் தண்டனை நாளிலும் நீதிமன்ற வாசலில் மூவரும் சேர்ந்தே நின்றார்கள்.